மாமன் மடி மலைமேல் மட்டும்

வேலு,

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. பிரேக் பிடித்திருக்கிறது, டயர்கள் புதியவை, ஸ்டியரிங் சரியாக இருந்திருக்கிறது. காரைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் இன்று பிற்பகல் என்னிடம் நேரில் சொன்னது இது. வேகமும் அதிகமில்லை என்கிறார். முன்பக்கம் நசுங்கியிருந்த அளவைக் கையால் காட்டி, "இந்த அடிக்கு உள்ள இருந்தவங்க கதவத் தொறந்து எறங்கி நடந்து போயிருக்கணும்மா" என்றார். நடந்துதான் போனார்கள். கைக்குழந்தையைத் தவிர எல்லாரும் நடந்துதான் போனார்கள்.

நீ படித்திருப்பாய். எங்கள் பத்திரிகையில் ஒற்றைப் பத்தியாக வந்தது, எழுதியது நான். திருத்தணி மலையில் மொட்டையடித்து, காது குத்தி, சாமி பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு விசைத்தறிக் குடும்பம். காரைக் குழந்தையின் அப்பா ஓட்டினார். முன் இருக்கையில் குழந்தையின் தாய்மாமன், அவர் மடியில் குழந்தை. பின்னால் குழந்தையின் அம்மாவும் பெரியவர்கள் இருவரும். திருப்பத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பஞ்சராகி நின்றிருந்தது. பட்டப்பகல். அப்பா பிரேக்கை மிதித்திருக்கிறார், கார் முழுதாக நிற்பதற்குள் டிராக்டரின் பின்பக்கத்தில் இடித்துவிட்டது. முன்னால் இருந்த காற்றுப்பை ஒரே அடியாக விரிந்தது. பெரியவர்களின் நெஞ்சைக் காப்பாற்றுவதற்காகச் செய்த பை அது. அந்தப் பைக்கும் மாமனின் நெஞ்சுக்கும் நடுவில் குழந்தை இருந்தது. மாமனுக்கு மணிக்கட்டு முறிந்தது. அவ்வளவுதான்.

பத்தியில் இவ்வளவுகூட எழுதவில்லை. இத்தனை வருடத்தில் இந்தச் சாலையில் எத்தனையோ விபத்துகளை எழுதிவிட்டேன், எழுதி அனுப்பிய கையோடு சோறு தின்னவும் பழகிவிட்டேன். இந்த முறை முடியவில்லை. அதற்குக் காரணம் நீ. போன வாரம் நீ போனில் சொன்ன ஒரு வார்த்தையை நான் மறுபடியும் ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு நினைவிருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா பரிமளாவின் மகள் இனியாவுக்கு இதே மலையில் மொட்டை, காதுகுத்து. நீ தாய்மாமன். ஆவடியிலிருந்து அக்காவும் பாவாவும் காரில் வருகிறார்கள், வழியில் நம் வீட்டில் நின்று உன்னை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். காரில் குழந்தைகளுக்கென்று மாட்டும் இருக்கையிலேயே இனியா வரட்டும், மடியில் வேண்டாம் என்று பரிமளா உன்னிடம் சொன்னதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் போன் போட்டாய்.

"இன்னாமா இது, மாமன் மடி இருக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் தொட்டி எதுக்கு? நான் இன்னா புள்ளயக் கீழ போட்ருவனா? பாவாவே ஒண்ணும் சொல்லல, இவ பெரிய டாக்டர் மாதிரி பேசறா. தொட்டியில தான் வரும்னா தொட்டி மடியிலயே உக்கார வெச்சு காது குத்திக்கட்டும். நான் வர்ல."

நான் அப்போது சிரித்தேன். "வாடா கண்ணு, நேர்ல பேசிக்கலாம்" என்றேன். நேரில் பேச இப்போது என்னால் முடியாது. எழுதுவதுதான் எனக்குக் கைவந்தது. நீயும் பார்க்க வேண்டும், உன்னைப் போல வெள்ளை வேட்டியும் வளையல் தட்டுமாக மலையேறக் காத்திருக்கும் மற்ற மாமன்களும் பார்க்கட்டும் என்று இதை அச்சுக்கே கொடுக்கிறேன்.

அந்த மாமனைத் தாலுகா ஆஸ்பத்திரியில் பார்த்தேன். உன் வயதுதான். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் ஏந்திக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். புது வேட்டியின் கரையில் சந்தனம் காய்ந்திருந்தது. குழந்தையின் தலையில் பூசிய சந்தனம். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவரே பேசினார்.

"புட்சிகினு தான் மேடம் இருந்தேன். ரெண்டு கையாலயும் இறுக்கிப் புட்சிகினு தான் இருந்தேன். காது வலிக்குதுன்னு அழுதுகினே வந்துச்சு, அப்ப தான் தூங்குச்சு. நான் உடல மேடம். சாமி சத்தியமா நான் உடல."

விடவில்லை என்பதை நான் நம்புகிறேன். நீயும் விடமாட்டாய். விஷயம் விடுவதில் இல்லை, வேலு. ஓடுகிற கார் சட்டென்று நிற்கும்போது உள்ளே இருக்கும் உடம்பு நிற்காது, கார் போன வேகத்திலேயே முன்னால் போகும். மடியில் பத்துக் கிலோ இருக்கிற பிள்ளை அந்த ஒரு நொடியில் பல நூறு கிலோ மூட்டையாக இழுக்கும். மூட்டை தூக்கிப் பழகியவன் கையும் அதைப் பிடிக்காது. அந்த மாமன் தறி ஓட்டிக் காய்ப்பேறிய கைகளுள்ளவர். உன்னுடையதைவிட அவை பலமான கைகள்.

பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதுதான் நான் சொல்ல வந்தது. "நான் தாம்மா சொன்னேன். வர்றப்ப புள்ள அந்த சீட்டுல தான் வந்துச்சு. மலையில காது குத்தி முடிச்சி எறங்கும்போது, 'மாமன் மடிய விட இந்தத் தொட்டி பெருசா மச்சான்'னு கேட்டேன். சும்மா வெளையாட்டுக்குத் தான் கேட்டேன்."

நீ சொன்ன அதே தொட்டி.

காவல் நிலைய வளாகத்தில் அந்தக் கார் நிற்கிறது. காவலர் ஒருவர் டிக்கியைத் திறந்து காட்டினார். சீர்த்தட்டுகள், கசங்கிய மாலை, நசுங்கின வாழைப்பழம். அவற்றின் அடியில் குழந்தை இருக்கை. சின்னக் கீறல்கூட இல்லை. குழந்தையின் அப்பாவும் அங்கே இருந்தார். அவர் சொன்னது வேறு: "மச்சான் ஒண்ணும் கேக்கலங்க. நானா தான் கழட்டினேன். மாமனுக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு நானா தான் கழட்டி டிக்கில வெச்சேன். அவன் மேல எதுவும் எழுதிடாதீங்க." இருவரும் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். வேறொரு செய்தியாக இருந்தால் மூன்றாவது ஆளைத் தேடிப்போய் எது சரி என்று கேட்டிருப்பேன். இதில் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. இரண்டு பேரிடமும் ஒன்றே ஒன்று கேட்டேன், உங்கள் பேரும் ஊரும் இல்லாமல் இதை என் மகனுக்கு எழுதலாமா என்று. அப்பா தலையை மட்டும் ஆட்டினார். மாமன், "உங்க புள்ளையும் மாமனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆங். அப்ப எழுதுங்க" என்றார்.

மாமன் மடியை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. உனக்குக் காது குத்தியதும் இந்த மலையில்தான், உட்கார வைத்தவர் என் அண்ணன். நீ உருளைக்கட்டை மாதிரி இருந்தாய், திமிறுவாய். ஆசாரி ஊசியை எடுத்ததும் அண்ணன் உன் இரண்டு கைகளையும் தன் கைக்குள் அடக்கி, தாடையால் உன் தலையை அழுத்திக்கொண்டார். அப்படியும் நீ தலையைத் திருப்பிவிட்டாய், இடது காதில் துளை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. இன்றைக்கும் கண்ணாடியில் பார், தெரியும். அண்ணன் சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், "என் மடிக்கே அடங்காத பய" என்பார். மடி எதற்காக வந்தது என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஊசி குத்தும்போது பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும், பயப்படாமலும் இருக்க வேண்டும். அதற்குத் தெரிந்த உடம்பு ஒன்று வேண்டும். ஊசிக்காக வந்த வழக்கம் அது. அன்று நாம் மலையிலிருந்து டவுன் பஸ்ஸில் இறங்கி வந்து, ரயிலேறி, அப்போது குடியிருந்த மணவூரில் இறங்கினோம். காரில் போகிற வசதி யாருக்கு இருந்தது? பஸ் ஏறினாலும் மடி, ரயில் ஏறினாலும் மடி. வேறு வழியில்லாமல் வைத்துக்கொண்ட மடியை நாம் எப்போது வழக்கத்தோடு சேர்த்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. கார் வந்த பிறகு, யாரும் யோசிக்காமலே, மலைமேல் இருந்த மடி இறங்கிவந்து முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டது.

அந்த இருக்கையை லேசாக நினைத்தது நீ மட்டும் இல்லை, நாங்களும்தான். பொங்கலுக்குப் பரிமளா வந்திருந்தபோது, பிள்ளையை அரக்கோணம் கடைத்தெரு வரைக்கும் கூட்டிப்போகலாம் என்று உன் நைனாவும் நானுமே அதைக் காரில் பொருத்தினோம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர் அல்லவா, "இதுல இன்னா இருக்குது, நாலு கொக்கி" என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். முன் இருக்கையில் வைத்தார். பிள்ளை சாலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும் என்று முன்பக்கம் பார்க்கத் திருப்பினார். உறுத்தும் என்று நான் அடியில் டவலை மடித்துப் போட்டேன். பட்டை கழுத்தை அறுக்கும் என்று தளர்த்தியும் விட்டேன். பரிமளா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"நைனா, இத்தன தப்ப ஒரே சீட்டுல எப்படி பண்ணீங்க?"

"ஏம்மா, அசையாம தானே கீது?"

அவள் ஒரு கையால் பிடித்து ஆட்டினாள். கோழிக்கூண்டு மாதிரி ஆடியது. நைனா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைச் சொறிந்தார். அவள் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து பொருத்தினாள். பின் இருக்கை. குழந்தையின் முகம் காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி. "இதுக்கு இன்னும் கழுத்து கெட்டிப்படலமா. முன்னாடி பாத்து உக்காந்தா, வண்டி நிக்கும்போது தல மட்டும் பிச்சிகினு முன்னால போவும். பின்னாடி பாத்து இருந்தா முதுகு, தல எல்லாத்தையும் சீட்டே தாங்கிக்கும்" என்றாள். கால் இடிக்குமே என்று கேட்டேன். மடக்கிக்கொள்ளும், ஒன்றும் ஆகாது என்றாள். முன் இருக்கையில் வைக்கவே கூடாது, காற்றுப்பை இருக்கிறது என்று அன்றைக்கே சொன்னாள். அந்த வார்த்தை அன்று என் காதில் ஏறவில்லை. இப்போது ஏறியிருக்கிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் சொல்வது இது. மலைமேல் உன் மடி உன்னுடையது, அதை யாரும் கேட்கப்போவதில்லை. காரில் அவளைப் பட்டை மாட்டி உட்கார வைக்கிற உரிமையையும் நீயே எடுத்துக்கொள். பரிமளாவிடம் பேசிவிட்டேன், "அவனே மாட்டட்டும்மா, எனக்கு சந்தோஷம் தான்" என்கிறாள். ஆனால் சரியாக மாட்டு. முதலில் இருக்கையைக் காரின் பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பார். ஒரு விரல்கடைக்கு மேல் நகர்ந்தால் மறுபடி இறுக்கு. அவளை உட்கார வைக்கும்போது முதுகும் இடுப்பும் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும், அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் டவலோ தலையணையோ கூடாது. தோள்பட்டைப் பட்டை அவள் தோளின் மட்டத்திலிருந்தோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முறுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. இறுக்கிய பிறகு தோளருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார். கிள்ளுக்குப் பட்டை சிக்கினால் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பெரியம்மா எடுத்துவைத்திருக்கும் பட்டுப் பாவாடையை மலைமேல் போய்ப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கனத்த ஜரிகையின் மேல் பட்டையை மாட்டினால் இறுகியது போலத் தெரியும், அடி விழுந்தால் துணி அமுங்கி இடைவெளி விட்டுவிடும். மாலையையும் கழற்றிவிடு. கார் வெயிலில் நின்றிருந்தால் கொக்கியின் இரும்பு சுடும், உன் கையை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டு. மொட்டைத் தலைச் சந்தனம் இருக்கையில் கறையாகும். ஆகட்டும்.

இறங்கும்போதுதான் கஷ்டம். இரண்டு காதும் வலிக்கும், அவள் வாய்விட்டு அழுவாள். காரில் இருக்கிற எல்லாரும், நான் உட்பட, உன் முகத்தைப் பார்ப்போம். யாராவது ஒருவர் "பாவம்பா, கொஞ்ச தூரம் தானே, தூக்கிக்கோ" என்று சொல்வார். உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது புத்திசாலி யோசனை சொல்வார். அது இன்னும் மோசம், அடி விழும்போது உன் உடம்பின் கனம் முழுவதும் அவள் மேல் இறங்கும். நீ கேட்காதே. அழுகை தாங்கவில்லை என்றால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தச் சொல். நின்ற வண்டியில் தூக்கு, மார்மேல் போட்டுக்கொண்டு நட, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நட. சாப்பாடு ஆறிப்போனால் போகட்டும். அழுகை நின்ற பிறகு மறுபடி உட்கார வைத்து, மறுபடி கிள்ளிப் பார்த்து, பிறகு கிளம்பு. தூங்கிவிட்டாள் என்று பட்டையைத் தளர்த்தாதே. அந்தக் குழந்தையும் அப்போதுதான் தூங்கியிருந்தது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகள் காரில் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போகக் கூடாது. ஆனால் நம் ஊரில் யாரும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்பவர்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான், அவர்களும் தலைகீழாகத்தான் கேட்பார்கள். உங்கள் பெரியம்மா வாசலிலேயே ஆரம்பிப்பார், "இன்னாடா மாமன், உனக்கு எடம் குடுக்கலயா" என்று. அவருக்குப் பதில் சொல்வது என் வேலை. நான் போய் நின்று பேசுகிறேன். அந்தக் காவல் நிலைய வாசலில் கார் நிற்கிற இடத்தையும் வேண்டுமானால் காட்டுகிறேன். நீ பேச வேண்டியதில்லை. நீ குனிந்து பட்டையை மாட்டிக்கொண்டிரு.

உன் கோபத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் இல்லை. அவள் பிறந்த நாளன்று முதலில் தூக்கினவன் நீ. வேலைக்காக வெளியூரில் கிடக்கிறாய், வருகிற ஒன்றிரண்டு நாளில் அவளைக் கையிலிருந்து இறக்கமாட்டாய். அக்கா கல்யாணமாகிப் போன வீட்டில் உனக்கென்று இருக்கிற இடம் அந்த மடி மட்டும்தான் என்று நினைக்கிறாய். அதைப் பிடுங்கிக்கொண்டு பிளாஸ்டிக்குக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் பார்த்தவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அதை அவர் விளையாட்டாகச் சொன்னார், நீ கோபமாகச் சொன்னாய். அவருடைய மச்சான் அவர் மனம் நோகக் கூடாது என்று இருக்கையைக் கழற்றினார். உன் பாவாவும் அதே சுபாவம். வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார், நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் பேசாமல் போய்க் கழற்றிவிடுவார். எனக்கு இருக்கிற பயம் அதுதான். இந்த வாரம் முழுவதும் வேறு எந்தப் பயமும் எனக்கு இல்லை.

இனி, நிலுவையில் இருப்பவை. பிரேதப் பரிசோதனை அறிக்கை இன்னும் காவல் நிலையத்துக்கு வரவில்லை, இந்த மாத முடிவுக்குள் வந்துவிடும் என்கிறார் காவல் ஆய்வாளர். வழக்கு இரண்டு பேர் மேல் இருக்கிறது. ஒருவர், எச்சரிக்கை அடையாளம் எதுவும் வைக்காமல் டிராக்டரைச் சாலையில் நிறுத்தியவர். இன்னொருவர், காரை ஓட்டிய குழந்தையின் அப்பா. அறிக்கை வந்த பிறகே குற்றப்பத்திரிகை. மாமனின் கைக்கட்டை எப்போது பிரிப்பார்கள் என்பது அடுத்த முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு தெரியும். இவை வரும்போது எழுதுவேன், அது என் தொழில்.

மற்றொன்று உன்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பாவாவின் கார் நம் வாசலில் வந்து நிற்கும். பின் இருக்கையில் இனியா பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருக்கும். அங்கே உட்கார்ந்தால் வழி முழுவதும் அவள் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள். நீ எந்தக் கதவைத் திறக்கப்போகிறாய் என்பது இதை எழுதும் வரை உறுதியாகவில்லை.

அம்மா
திருத்தணி